ஊர் மாறிய கனல்

பழங்கிரேக்க மக்கள் வணங்கிய தெய்வங்களுள் பெருங்கதை ஏதும் இல்லாத தெய்வம் ஒன்று உண்டு. அவள் பெயர் ஹெஸ்தியா. போர்க்கோலம் பூண்ட அத்தீனாவைப் பற்றியும், அழகுக்கு அரசியாகிய அஃப்ரொடைட்டியைப் பற்றியும், வேட்டைக்கு உரிய ஆர்த்தெமிசைப் பற்றியும் கதைகள் கடல்போல் விரிந்து கிடக்கின்றன. ஹெஸ்தியாவைப் பற்றிய கதைகளையெல்லாம் தொகுத்தாலும் இரண்டு பக்கம் நிரம்பாது. அவளுக்கென எழுந்த கோயில்கள் சில. சிலைகள் அவற்றினும் சில. ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தெனான் கோயிலின் சிற்ப வரிசையில் பன்னிரு தெய்வங்கள் அமர்ந்திருக்கும் இடத்தில்கூட அவளைக் காணோம். ஆயினும், கிரேக்கர் எந்தத் தெய்வத்திற்குப் பலி கொடுத்தாலும் முதற்பங்கு ஹெஸ்தியாவுக்கு. விருந்தின் தொடக்கத்தில் ஊற்றும் மதுவும் அவளுக்கு. முடிவில் ஊற்றும் மதுவும் அவளுக்கே. புகழ் இல்லாத ஒருத்திக்கு இத்துணை முதன்மை எவ்வாறு வந்தது? விடை அவள் பெயரிலேயே இருக்கிறது. கிரேக்க மொழியில் ஹெஸ்தியா என்றால் அடுப்பு.

எசியோது என்னும் பழம்புலவரின் தெய்வப் பிறப்பு நூல்படி, குரோனசுக்கும் ரேயாவுக்கும் தலைமகளாகப் பிறந்தவள் அவள். பிறந்த பிள்ளைகளையெல்லாம் விழுங்கிய தந்தை அவளையே முதலில் விழுங்கினான். பின்னர் அவன் உமிழ நேர்ந்தபோது முதலில் உள்ளே போனவள் இறுதியில் வெளியே வந்தாள். ஆகவே உடன்பிறந்தார்க்கு மூத்தவளும் அவளே, இளையவளும் அவளே என்று கிரேக்கர் வியந்து சொல்வதுண்டு. கடலுக்கு இறைவன் பொசைதனும், கலைக்கு இறைவன் அப்பல்லோவும் அவளை மணக்க விரும்பினர். அவள் இருவரையும் மறுத்து, சேயுசின் தலையைத் தொட்டு, என்றும் கன்னியாகவே இருப்பேன் என்று சூளுரைத்தாள். திருமணத்திற்கு ஈடாக வீட்டின் நடுவிடத்தைச் சேயுசு அவளுக்குக் கொடுத்தான். கதை இவ்வளவே.

நடுவிடம் என்பது சிறிய கொடை அன்று. குழந்தை பிறந்த சில நாளில் அதை ஏந்திக்கொண்டு அடுப்பைச் சுற்றி வருவர். அதன் பின்னரே அது அந்த வீட்டுப் பிள்ளை. மணமகள் புக்ககம் வந்ததும் அடுப்பருகே நிறுத்தி அவள்மேல் உலர்ந்த அத்திப்பழமும் கொட்டைகளும் சொரிவர். விலைக்கு வாங்கிய அடிமைக்கும் முதல்நாள் அதே சடங்குதான். நம் வீடுகளில் புதுமனை புகும் நாளில் கட்டிலும் பீரோவும் வருமுன் பால் காய்ச்சுகிறோம் அல்லவா? சாவி கைக்கு வந்ததால் மட்டும் வீடு நமதாகிவிடுவதில்லை, பால் பொங்கிய பிறகே நமதாகிறது என்னும் எண்ணம், தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில் குடியேறுவோரிடமும் உண்டு. செம்பூரில் அடுக்கு வீடு வாங்குவோரிடமும் உண்டு. வறுமையைச் சொல்லவும் நமக்கு அடுப்பே உவமை. சோறாக்கி நெடுநாள் ஆனதால் தன் வீட்டு அடுப்பில் காளான் முளைத்தது என்று குமண வள்ளலிடம் பெருந்தலைச் சாத்தனார் முறையிட்டதைப் புறநானூறு காட்டுகிறது. அடுப்பில் பூனை உறங்குகிறது என்று இன்றும் சொல்கிறோம். குடும்பம் பிரிந்தது என்பதற்கு அடுப்பு வேறாயிற்று என்கிறோம்.

வீட்டுக்கு அடுப்பு இருந்தது போலவே கிரேக்க ஊருக்கும் ஓர் அடுப்பு இருந்தது. பிரிதானியோன் என்னும் பொதுமன்றத்தில் அது அணையாமல் எரிந்தது. அயல்நாட்டுத் தூதரும், ஊர்க்குப் பெருமை சேர்த்தவரும் அங்கே ஊர்ச் செலவில் உண்டனர். கி.மு. 399இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட சாக்ரட்டீசு, தமக்குத் தகுந்த தண்டனை அந்த மன்றத்தில் நாளும் உணவளிப்பதே என்று நகையாடியது பலரும் அறிந்த செய்தி. அந்த நெருப்பு தூயது என்னும் நம்பிக்கை எத்துணை ஆழமானது என்பதற்குப் புளூட்டார்க் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கி.மு. 479இல் பிளாட்டியா என்னும் இடத்தில் பாரசீகப் படை தோற்றது. பகைவர் கைபட்டு நாட்டின் நெருப்பெல்லாம் மாசுற்றதாகவும், அனைத்தையும் அணைத்துவிட்டு தெல்பியின் பொது அடுப்பிலிருந்து புது நெருப்பு கொணர வேண்டும் என்றும் தெய்வ வாக்கு வந்தது. யூக்கிதாசு என்பவன் தெல்பிக்கு ஓடினான். நெருப்பை ஏந்திக்கொண்டு அன்று கதிரவன் மறையுமுன் திரும்பினான். போக வர ஆயிரம் ஸ்தாதியம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஊராரை வணங்கி நெருப்பைக் கையளித்தான். கீழே விழுந்து இறந்தான்.

இனி நமக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். கிரேக்கர் குடிபெயர்ந்து வாழ்ந்தவர்கள். தாய்நகரில் நிலம் போதாமல் கடல் கடந்து போனவர்கள் புதிய நகரங்களை நிறுவினர். அவர்கள் கப்பல் ஏறும்போது தாய்நகரின் ஊர் அடுப்பிலிருந்து கனல் எடுத்துச் சென்றனர். புதிய ஊரின் அடுப்பு அந்தக் கனலால் மூட்டப்பட்டது. இதைக் கேட்கும் நெல்லைச் சீமைக்காரர் எவருக்கும் பிடிமண் நினைவுக்கு வராமல் இராது. ஊரை விட்டுப் பெயர்ந்த குடிகள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, தாம் சேர்ந்த இடத்தில் அதை வைத்துத் தெய்வத்தை நிலைநாட்டுவது தென்பாண்டி நாட்டு வழக்கம். கிரேக்கர் நெருப்பைச் சுமந்தனர், நம்மவர் மண்ணைச் சுமந்தனர். மாட்டுங்காவை ஒட்டியுள்ள தாதர் பார்சி காலனியின் மக்களும் இவ்வகையில் நமக்கு உறவினரே. அவர்கள் முன்னோர் சஞ்சானில் நிறுவிய ஈரான்ஷா என்னும் நெருப்பு, பகைக்கு அஞ்சி மலைக்குகையிலும், பின்னர் நவசாரி, சூரத்து முதலிய ஊர்களிலும் தங்கி, 1742இல் உத்வாடாவை அடைந்து இன்றும் எரிகிறது. மனிதரைப் போலவே நெருப்பும் அகதியாய் அலைந்திருக்கிறது.

எடுத்துவந்த கனலில் ஓர் அறக்கேள்வி மறைந்திருக்கிறது. அது தாய்நகரின் நெருப்பா, சேய்நகரின் நெருப்பா? பெயர்ந்து வந்தவன் தாயகத்துக்குப் பட்ட கடன் எவ்வளவு, வந்து சேர்ந்த மண்ணுக்குப் பட்ட கடன் எவ்வளவு? மும்பைத் தமிழர் மூன்று நான்கு தலைமுறையாக இந்தக் கேள்வியை விழாமேடைகளில் உரத்தும், வீட்டுத் திண்ணையில் மெல்லவும் கேட்டு வருகின்றனர். கிரேக்கர் இதற்காகப் போரே செய்தனர். கொரிந்து நகரத்தார் குடியேற்றிய சேய்நகர் கோர்க்கைரா. செல்வமும் கப்பலும் பெருகியபின், விழாக்களில் தாய்நகரத்தார்க்குக் கொடுக்க வேண்டிய முதன்மரியாதையைச் சேய்நகரத்தார் கொடுக்கவில்லை என்று கொரிந்தியர் மனம் கசந்தனர் எனத் தூசிடிடீசு எழுதுகிறார். கோர்க்கைராவின் மறுமொழியோ, பிறந்த ஊரில் இருப்பவர்க்கு அடிமையாவதற்காக எவரும் குடிபெயர்வதில்லை, அவர்க்கு இணையாக வாழவே பெயர்கின்றனர் என்பது. கி.மு. 433இல் இரு நகரங்களும் கடலில் மோதின. இரண்டே ஆண்டில் கிரேக்க நாடு முழுவதையும் எரித்த பெலப்பனேசியப் பெரும்போர் தொடங்கியது. முதன்மரியாதை என்னும் சொல் நம் கோயில்களுக்கும் புதியது அன்று. அதற்காக நம் ஊர்த் திருவிழாக்களில் மண்டை உடைந்ததும் உண்டு. ஆதலால் கிரேக்கரைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை.

எனினும், தாய்க்கும் சேய்க்கும் இடையிலான இந்த வழக்கு நம்மை வேறொரு பெரிய கேள்வியிலிருந்து திசைதிருப்புகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. கனல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குப் பழகிய நாம், அந்தக் கனலில் ஆக்கிய சோற்றை யார் யார் உடனிருந்து உண்டனர் என்று கேட்பதில்லை. எரொதோத்தசு தரும் ஒரு செய்தி இங்கே எண்ணத்தக்கது. ஏதென்சின் பிரிதானியோனிலிருந்தே புறப்பட்டு வந்தவர்கள் என்னும் பெருமையால், ஐயோனியருள் தாமே தூய குடிகள் என்று சிலர் தருக்கினர். இந்தத் தூயவர்கள் மிலேத்து நகரில் குடியேறியபோது உடன் பெண்களை அழைத்து வரவில்லை. அந்நிலத்துக் காரியர் என்னும் மக்களைக் கொன்று, அவர்தம் மகளிரை மனைவியராக்கிக் கொண்டனர். தந்தையையும் கணவனையும் பிள்ளைகளையும் இழந்த அப்பெண்கள் தமக்குள் ஓர் ஆணை செய்துகொண்டனர்: கணவரோடு அமர்ந்து உண்பதில்லை, அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அந்த ஆணையைத் தம் பெண்மக்களுக்கும் கையளித்தனர். நெருப்பின் மரபைத் தேடினால் அதைவிடத் தூய நெருப்பு இல்லை. ஆயினும் அந்த அடுப்பைச் சுற்றி ஒரு குடும்பம் சேர்ந்து உண்ணவில்லை. அங்கே ஹெஸ்தியா இருந்தாள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இக்கதையைக் கடல் கடந்த கதையாக மட்டும் படித்துவிட்டுப் போக இயலாது. மும்பையில் தமிழர் மூட்டிய அடுப்புகள் ஒன்றல்ல. 1896இல் கொள்ளைநோய் வந்தபின், 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு வாரியம் வகுத்த தாதர் மாட்டுங்கா திட்டத்தில் எழுந்த அடுக்கு வீடுகளுக்கு, அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் வந்த தென்னிந்தியர் பலர் 1920களிலும் 1930களிலும் குடிவந்தனர். பெரும்பாலோர் அந்தணர். வீட்டுக்குள்ளேயே தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ள குடியிருப்பு அவர்களை ஈர்த்தது. அதில் வசதியும் உண்டு, தீட்டுப் பற்றிய கவலையும் உண்டு. அங்கிருந்து நடந்தே செல்லும் தொலைவில், இருப்புப்பாதைக்கு அப்பால், சதுப்பு நிலத்தின் விளிம்பில் தாராவி. தோல் பதனிடும் தொழிலுக்கு நெல்லையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும், தமிழ் முஸ்லிம்களும், வேறு பல குடியினரும் அங்கே அடுப்பு மூட்டினர். அவர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயில் 1913ஆம் ஆண்டினது. இரு இடத்திலும் பேசிய மொழி தமிழ். இரு இடத்தாரும் தை முதல்நாளில் பொங்கலிட்டனர். ஆனால் ஒருவர் வீட்டு அடுப்பில் ஆக்கிய சோற்றை மற்றவர் அமர்ந்து உண்ட நாட்கள் எத்தனை என்று கேட்டால், மிலேத்து நகரத்துப் பெண்களின் ஆணை நம்முள்ளும் வேறு வடிவில் இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே துன்புற்றவர் உண்ண மறுத்தார். இங்கே மேலிருந்தவர் மறுத்தார். வேறுபாடு அவ்வளவே, நமக்குப் பெருமை தருவது அன்று. தமிழால் ஒன்றுபட்டோம் என்று மேடையில் முழங்குவது எளிது. பந்தியில் ஒன்றுபடுவது பின்னரே வந்தது. இன்னும் முழுதும் வந்துவிடவில்லை.

ஆயினும் ஊர்ப்பொது அடுப்பு போன்ற ஒன்று இந்த நகரத்தில் உருவானது என்பதையும் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் 1937இல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோம் போன்ற உணவு விடுதிகள், சமையல் அறியாத இளைஞர்க்கு வீட்டுச் சோறு அளித்தன. காசு கொடுத்தவன் அமர்ந்து உண்டான். பக்கத்து இலைக்காரன் யார் என்று காலப்போக்கில் கேட்பார் இலர். தாராவியிலோ, ஊர் உறங்கும் வேளையில் அடுப்புகள் எரிந்து, விடிந்ததும் இட்லிப் பாத்திரங்கள் மிதிவண்டி ஏறி நகரெங்கும் போகின்றன. தெருமுனையில் ஊதுகொம்பின் ஒலி கேட்டு இறங்கிவரும் மராத்தியரும் குசராத்தியரும் அந்த இட்லி யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்று கேட்பதில்லை. சீர்திருத்தச் சொற்பொழிவுகளுக்கு முன்பே பசி சில வேலைகளைச் செய்துவிடுகிறது.

அடுப்பைப் பற்றிப் பேசும்போது பெண்களைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மை ஆகாது. பைத்ரசு என்னும் உரையாடலில் பிளேட்டோ ஓர் ஊர்வலத்தை வருணிக்கிறார். தெய்வங்கள் எல்லாம் வானத்தில் தேரேறிச் செல்கின்றன. ஹெஸ்தியா மட்டும் வீட்டில் தங்குகிறாள். மும்பைக்கு வந்த நம் முதல் தலைமுறையின் கதையும் பெரிதும் அதுவே. ஆண் இரயிலேறினான்; பெண் ஊரில் அடுப்போடு இருந்தாள். மாதந்தோறும் மணியார்டர் போயிற்று. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவன் போனான். பின்னர் அவளும் வந்தாள். வந்த இடத்திலும் அடுப்படியே அவளுக்கு வாய்த்தது. வீட்டின் விளக்கு, குடும்பத்தின் தெய்வம் என்று அவளைப் பாராட்டுவோர், ஹெஸ்தியாவின் கதையை அதற்குச் சான்றாக எடுக்கக் கூடும். அவர்கள் இரண்டை மறந்துவிடுகின்றனர். நடுவிடம் அவள்மேல் சுமத்தப்பட்டது அன்று. இரண்டு பெருந்தெய்வங்களை மறுத்து, தன் வாயால் சூளுரைத்து அவள் பெற்றது. மேலும், ஏதென்சின் ஊர் அடுப்பு ஆண் அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தது. அடுப்பு பெண்ணுக்கே உரியது என்றால் அந்த அடுப்பு மட்டும் ஏன் ஆடவர் கையில் இருந்தது? மதிப்பு மிகுந்த அடுப்பை ஆணும், புகை மிகுந்த அடுப்பைப் பெண்ணும் காத்தனர் என்பதுதான் உண்மை. முறுக்குச் சுற்றியும் இட்லி அவித்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாராவித் தாய்மார், அந்த அடுப்பைக் கொண்டே வெளியுலகுக்கு வழி திறந்தவர்கள். அவர்களைத் தெய்வம் என்பதைவிட உழைப்பாளி என்பது அவர்களுக்குக் கூடுதல் மரியாதை.

ஹெஸ்தியாவுக்கு இன்னொரு கடமையும் இருந்தது. அடைக்கலம் புகுந்தவனைக் காப்பது. அடுப்பருகே வந்து அமர்ந்தவன் பகைவனே ஆனாலும் அவனைத் தள்ளலாகாது. கரை ஒதுங்கிய ஒடிசியசு, யாரென்று சொல்லாமலே அல்கினோசு மன்னனின் அடுப்புச் சாம்பலில் போய் அமர்ந்தான். அவை திகைத்தது, முதியவர் ஒருவர், விருந்தினனைச் சாம்பலில் விட்டிருப்பது அழகோ என்றார், மன்னன் அவன் கைப்பற்றி எழுப்பித் தன் மகன் அமர்ந்த இருக்கையைக் கொடுத்தான். இது காப்பியக் கதை. வரலாற்றிலும் உண்டு. ஏதென்சின் பெருந்தலைவனாயிருந்து நாடிழந்த தெமிஸ்டாக்ளீசு, முன்பு தன்னால் மனம் புண்பட்ட மொலோசிய மன்னன் அத்மேதசின் வீட்டுக்கே ஓடினான். அரசி சொன்னபடி அவளுடைய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பருகே அமர்ந்தான். திரும்பி வந்த மன்னன் பழம்பகையைக் காட்டவில்லை; துரத்தி வந்தவர்க்கு அவனைக் கொடுக்கவும் இல்லை.

இந்தச் சாம்பலில் நாமும் அமர்ந்திருக்கிறோம். 1966இல் சிவசேனை தோன்றியபின், அப்பத்தாண்டின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்ததையும், உணவு விடுதிகள் தாக்கப்பட்டதையும் மூத்தோர் மறக்கவில்லை. அந்நாட்களில் மராத்தியரான அண்டைவீட்டார் தம் கதவைத் திறந்து நம்மவரை உள்ளே அழைத்துக்கொண்ட செய்திகளும் குடும்பங்களில் வழங்குகின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை. கல்லெறிந்த கதையையே சொல்கிறோம். காலம் மாறிற்று. 2008இல் வடநாட்டுத் தொழிலாளர் இதே நகரில் தாக்கப்பட்டபோது, நம்முள் எத்தனை பேர் இது நம் கதைதான் என்று உணர்ந்தனர்? பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து தாராவியின் சந்துகளில் அறைக்குப் பத்துப் பேராய்த் தங்கித் தைப்போரையும் தோல் வெட்டுவோரையும் பற்றி, இவர்கள் வந்ததால்தான் இடம் கெட்டது என்று பேசும் தமிழ்க்குரலும் நம் செவியில் விழுகிறது. முதலில் வந்து அமர்ந்தவன் அடுப்புக்கு முழு உரிமையாளன் என்றால், இந்த நகரத்தில் கோலியருக்கு அன்றி வேறு எவருக்கும் உரிமை இல்லை. நகருக்குப் பெயர் தந்த மும்பாதேவி அவர்கள் வழிபட்ட தாய். அவள் கோயிலே பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டைப் பகுதியிலிருந்து அகற்றப்பட்டு இன்றைய இடத்துக்குப் பெயர்ந்தது.

தாராவி இன்று மீண்டும் பெயரும் நிலையில் இருக்கிறது. மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளியை 2022இல் அதானி குழுமம் பெற்றது. 2024 முதல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது அறிவிப்பு. அதற்குப் பின்னர் வந்தவர்க்கும், மாடியில் இருப்பவர்க்கும் வேறிடம், வேறு விதி. அகலத் தெருவும் கழிவுநீர்க் குழாயும் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் அவ்வாறு சொல்லவும் மாட்டார்கள். ஆனால் யார் இந்த ஊரின் அடுப்புக்கு உரியவர் என்பதை ஒரு தேதி தீர்மானிக்கிறது. கீழே இருபத்தாறு ஆண்டும் மேலே இருபத்தாறு ஆண்டும் சமைத்த இரண்டு வீடுகளில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இதில் தனக்கு வீடு உறுதி என்று அறிந்த தமிழர், உறுதியில்லாத தமிழரையும், உறுதியில்லாத பீகாரியையும் ஒரே கண்ணால் பார்ப்பாரா என்பதே இன்று நம் முன் உள்ள சோதனை.

தைத் திங்கள் முதல்நாள் விடியலில் தொண்ணூறடிச் சாலைப் பக்கம் சென்றவர்கள் அந்தக் காட்சியை அறிவர். வரிசையாகக் கற்களும் செங்கல்லும் கூட்டி, நூற்றுக்கணக்கான பெண்கள் தெருவிலேயே பொங்கல் வைக்கின்றனர். அறைக்குள் இடமில்லாமையால் தொடங்கிய பழக்கமாக இருக்கலாம். ஆயினும் வீட்டு அடுப்பு ஊர் அடுப்பாக மாறுவதை அங்கே கண்ணால் காணலாம். ஒரு பானைக்குத் தீ அடங்கினால் பக்கத்து அடுப்பிலிருந்து கொள்ளி வருகிறது. பொங்கியதும் அக்கம்பக்கத்தார்க்குப் போகிறது, அவர் எந்த மொழிக்காரர் ஆயினும். அடுக்கு மாடிகளில் வாயு அடுப்பும், புகை எழுந்தால் ஒலிக்கும் மணியும் இருக்கும். விறகடுப்பு மூட்ட ஒரு தெருவைப் புதிய வரைபடத்தில் யாரேனும் குறித்திருக்கிறார்களா என்று சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். கேட்கும்போது, வெளியே அனுப்பப்படவிருப்போரின் பானைகளையும் சேர்த்து எண்ணிச் சொல்ல வேண்டும்.